பூட்டு சார் திறந்து வெச்ச கதவு

இல்லைங்க, நான் எட்டிப் பாக்கலை. கண்ணு தானா போயிடுச்சு. லேப்டாப் ஓரத்துல மஞ்சச் சீட்டுல பாஸ்வேர்டை எழுதி ஒட்டி வெச்சிருக்கீங்க, அதைப் பாக்காம இருக்கறதுதான் கஷ்டம். உங்க பொண்ணு பேரும் பொறந்த வருஷமும்... சரி சரி, படிக்கலை. கிழிச்சுப் பையில போட்டுக்கங்க. தப்பா எடுத்துக்காதீங்க, என் பொழப்பு அப்படி. எவன் எந்தக் கதவைத் திறந்து போட்டிருக்கான்னு பாத்துட்டே திரியற பொழப்பு. அதுலதான் இன்னைக்கு இந்த ஈர பெஞ்சுல உக்காந்து யார்கிட்டயாவது பொலம்பினாத்தான் ஆச்சுங்கற நெலமைக்கு வந்திருக்கேன். எல்லாம் எங்க ஆபீஸ் பூட்டு சாரால.

அந்த நீலத் தொப்பி என் பொண்ணு. உங்களுது எது, அந்தச் செவப்பா? நல்லா நீந்தறா. என்னுது தண்ணிக்குள்ளயும் பேசிட்டே நீந்தும், யாரைக் கொண்டு பொறந்துச்சோ. இன்னும் முக்கா மணி நேரம் இருக்கு. நீங்க டைப் பண்ணுங்க, நான் பாட்டுக்குப் பேசிட்டிருக்கேன்.

நான் பிளட் பேங்க்ல இருக்கேன். ரத்தம் எடுக்கற வேலை இல்ல, ஊசியைப் பாத்தா எனக்குத் தலை சுத்தும். டேட்டாபேஸைப் பாத்துக்கற வேலை. யாரு ரத்தம் குடுத்தாங்க, என்ன குரூப்பு, போன் நம்பர் என்ன, எந்தப் பை எந்த ஃப்ரிட்ஜ்ல எந்தத் தட்டுல இருக்கு, என்னைக்குக் கெட்டுப்போகும்... அத்தனையும் ஒரே சர்வர்ல இருக்கு. பாத்தா ஒண்ணுமில்ல, ஒரு கறுப்புப் பொட்டி. ஏசி ரூம்ல உக்காந்து உம்முனு சத்தம் போட்டுட்டிருக்கும். அதுக்குள்ள அறுபத்தெட்டாயிரம் பேரு. பன்னெண்டு வருஷமா பெத்த புள்ளை மாதிரி பாத்துக்கறேன்.

அந்தப் பொட்டி என் பொறுப்பு. பொட்டி இருக்கற ரூமு, வெளியில இருந்து நெட்டு வழியா யாரை விடலாம் யாரை விடக் கூடாதுங்கற வேலை, அதெல்லாம் பூட்டு சார் பொறுப்பு. பேரு அது இல்ல, நாங்க வெச்சது. எதைக் கண்டாலும் பூட்டிடுவார். டிஃபன் டப்பாவுக்குக்கூட சின்னப் பூட்டு போட்டிருக்கார்னு ஆபீஸ்ல ஒரு பேச்சு. நான் பாத்ததில்ல, ஆனா நம்பறேன். வாயைத் திறந்து பேச மாட்டார். பக்கத்து ரூம்ல இருந்துட்டு மெயில் அனுப்புவார். 'சர்வர் ரூமில் டீ கப் இருந்தது. எடுத்துவிட்டேன்.' இதுக்கு ஒரு மெயில். 'நேற்று உங்கள் திரை திறந்தபடி இருந்தது.' இதுக்கு ஒண்ணு. ஏதாவது வேணும்னு கேட்டா ஃபார்ம் நீட்டுவார். தும்மல் வந்தாக்கூட ஃபார்ம் குடுத்துட்டுத்தான் தும்மணும். அந்த டீ கப் மெயிலை மேனேஜருக்கும் சேத்து அனுப்பினார் பாருங்க, அன்னையில இருந்து நாலு வருஷமா நான் அவர்கிட்ட நேருல பேசறதில்ல. ஒரு டீ கப்புக்கு.

சரி, விஷயத்துக்கு வரேன். போன மாசம் ஒரு திங்கக்கிழமை, கவுண்ட்டர்ல இருக்கற பொண்ணு வந்து, "அக்கா, பேரைத் தட்டினா ஒரு நிமிஷம் யோசிச்சுட்டு வருது"ங்கறா. போய் லாகைத் திறந்து பாக்கறேன். லாகுன்னா, யாரு வந்தா, எத்தனை மணிக்கு வந்தா, என்ன கேட்டான்னு பொட்டி தானா எழுதி வெச்சுக்கற குறிப்பு. ஒரு மணி நேரத்துல நாலாயிரம் தடவை எவனோ உள்ள வரப் பாத்திருக்கான். அட்மின்னு ஒரு தடவை, மேனேஜர்னு ஒரு தடவை, ஆபீஸ்னு ஒரு தடவை. ஒவ்வொரு பேருக்கும் ஒண்ணு ரெண்டு மூணுல ஆரம்பிச்சு அகராதி பூரா பாஸ்வேர்டாப் போட்டுப் பாக்கறான். வாசல்ல நின்னு ஒருத்தன் பெரிய சாவிக்கொத்தை வெச்சுட்டு ஒவ்வொண்ணாப் போட்டுப் பாத்துட்டே இருந்தா எப்படி இருக்கும், அப்படி. பொட்டி பாவம், ஒவ்வொருத்தனுக்கும் 'இல்ல போ, இல்ல போ'ன்னு பதில் சொல்லியே களைச்சுப்போச்சு.

எனக்கு என்ன தோணும் சொல்லுங்க. வெளியாளு என் பொட்டி வாசல் வரைக்கும் எப்படி வந்தான்? வெளிக்கதவு யார் பொறுப்பு? ஒரே ஒரு வரி மெயில் அனுப்பினேன் பூட்டு சாருக்கு. 'வெளியிலிருந்து நேராக சர்வருக்கு வர வழி ஏதாவது இருக்கிறதா?' பதிலே இல்லை. ஒரு நாள் பாத்தேன், ரெண்டு நாள் பாத்தேன். டீ கப்புக்கு மெயில் போடறவருக்கு இதுக்குப் பதில் போட கை வரலை பாருங்க. நல்லாப் பொரிஞ்சு தள்ளினேன். அவர்கிட்ட இல்ல, வீட்ல, எங்க வீட்டுக்காரர்கிட்ட. அவரும் நான் சொல்லச் சொல்லக் கேட்டு, "அந்த ஆளையெல்லாம் எப்படிம்மா வேலைக்கு வெச்சிருக்காங்க"ன்னு எனக்கு மேல பொங்கினார்.

நானும் கையைக் கட்டிட்டு உக்காந்திருக்கலை. எவன் வரான், வந்தா என்ன பண்றான்னு தெரியாம எதைன்னு பூட்டறது? அதனால ஒரு பொம்மை சர்வர் வெச்சேன். அசல் பொட்டிக்கும் அதுக்கும் எந்த ஒட்டும் உறவும் கிடையாது, தனி மெஷின், தனி வயர். பாக்கறவனுக்கு ரத்தம் குடுக்கறவங்க பட்டியல் மாதிரி இருக்கும், உள்ள இருக்கறதெல்லாம் பொய். இதுக்கும் பூட்டு சார் காகிதத்துல ஃபார்ம் நீட்டினார், நாலு கையெழுத்து, மேனேஜர் மூலமா வாங்கினேன். பொய் ஆளுங்க ஐநூறு பேரு வேணுமே, எங்க போறது? எங்க வீட்டுக்காரர் சொந்தத்தைப் பூரா எழுதினேன். மாமனார், மாமியார், கொழுந்தன், ஓர்ப்படி, ஒண்ணுவிட்டது ரெண்டுவிட்டது எல்லாம். பேரு, நம்பரெல்லாம் மாத்தித்தான், உறவு மட்டும் என் மனசுக்குத் தெரியும். நாத்தனாருக்கு ஓ நெகட்டிவ்னு போட்டேன். அவங்களுக்கு வேற எது பொருந்தும், எதைச் சொன்னாலும் வேண்டாம்பாங்க.

வெச்சு பத்தொம்பது நிமிஷம். யாருக்கும் சொல்லலை, எங்கயும் எழுதலை. பத்தொம்பதாவது நிமிஷம் மொத ஆள் வந்து கதவைத் தட்டறான். நாங்க புது வீட்டுக்குக் குடிபோனப்பக்கூட சொந்தக்காரங்க அவ்வளவு சீக்கிரம் வரலைங்க.

ரெண்டு வாரம் பாத்தேன். டீயும் கையுமா உக்காந்து சீரியல் பாக்கற மாதிரி பாத்தேன். வரவன்ல முக்காவாசி மனுஷனே இல்ல, எவனோ எழுதி விட்ட நிரல், ஊர் ஊராத் தட்டிட்டுப் போகும். ஒருத்தன் மட்டும் நெஜ ஆளு. தப்புத் தப்பா டைப் பண்ணி, அழிச்சு, திரும்ப டைப் பண்ணுவான். எனக்கே பாவமாப் போச்சு, இங்க ஒரு புள்ளி விட்டுட்டடா கண்ணுன்னு திரையைப் பாத்து சொல்லியிருக்கேன். ஆனா எவன் வந்தாலும் வரிசை ஒண்ணுதான். உள்ள வந்ததும் மொதல்ல பொட்டிகிட்ட 'நான் யாரு?'ன்னு கேப்பான். அடுத்தது 'எனக்கு என்னென்ன செய்ய உரிமை இருக்கு?' அடுத்தது 'இங்க என்னென்ன பட்டியல் இருக்கு?' அப்புறம் நாலு வரி எடுத்துப் படிச்சுப் பாப்பான். அப்புறம் மொத்தமாக் காப்பி அடிப்பான். கடைசியா எல்லாத்தையும் அழிச்சுட்டு, திருப்பி வேணும்னா காசு குடுன்னு ஒரு சீட்டு எழுதி வெச்சுட்டுப் போவான். ஒரு நாள் மத்தியானம் மூணு மணிக்கு அந்த ஐநூறு பேரையும் ஒருத்தன் துடைச்சுட்டுப் போயிட்டான். நான் உடனே வீட்டுக்குப் போன் போட்டு, "என்னங்க, உங்க குடும்பத்தையே ஒருத்தன் அழிச்சுட்டான்"ங்கறேன். மனுஷன் பட்டுனு போனை வெச்சுட்டார். அப்புறம் ரெண்டு நாள் பேசலை.

இன்னொரு வகையும் இருக்குங்க. நாங்க வெப்சைட்ல 'உங்கள் பெயர்'னு ஒரு கட்டம் வெச்சிருக்கோம் இல்லையா, அதுல பேருக்குப் பதிலா கட்டளை எழுதறது. கடைக்காரர்கிட்ட சீட்டு குடுத்து அனுப்பறோம்னு வைங்க. 'சர்க்கரை ரெண்டு கிலோ, பருப்பு ஒரு கிலோ, அப்புறம் கடையைத் திறந்து போட்டுட்டு வீட்டுக்குப் போ'ன்னு எழுதியிருந்தா, அப்படியே செஞ்சுட்டுப் போற கடைக்காரரா இருந்தா என்ன ஆகும்? எங்க வெப்சைட்டு அந்தக் கடைக்காரராத்தான் இருந்துச்சு. கட்டத்துல எதை எழுதினாலும் அது வெறும் பேருதான், உத்தரவு இல்லன்னு அதுக்குப் புரிய வெச்சேன். அது கையில இருந்த அதிகாரத்தையும் குறைச்சேன், புதுசா ஒரு வரி சேக்கலாம், வேற எதையும் தொடக் கூடாதுன்னு. நாப்பத்தோரு கணக்கு இருந்துச்சு, ஒவ்வொருத்தர் பாஸ்வேர்டையும் மாத்த வெச்சேன். மேனேஜருது அவரோட நாய் பேரு. கேட்டா, நாய் செத்து ஆறு வருஷம் ஆச்சு யாருக்குத் தெரியும்ங்கறார். கடைசியா ஒரு கணக்கு மட்டும் யாருதுன்னே தெரியலை, 'டெஸ்ட்'னு இருந்துச்சு. சாஃப்ட்வேர் போட்டுக் குடுத்தவங்களோடதா இருக்கும், கேட்டுட்டு எடுக்கலாம்னு நோட்டுல 'கேக்கணும்'னு எழுதி வெச்சேன்.

எழுதி வெச்சது செவ்வாக்கிழமை. மறுநாள் காலையில பதினொண்ணரை மணி இருக்கும். அசல் பொட்டி லாகை ஓட விட்டுட்டு ஆரஞ்சு உரிச்சுட்டிருக்கேன். திரையில ஒரு வரி வருது. 'நான் யாரு?'

கை அப்படியே நின்னுபோச்சுங்க. எங்க ஆபீஸ்ல யாரும் பொட்டிகிட்ட அதைக் கேக்க மாட்டாங்க. அவங்கவங்களுக்குத் தான் யாருன்னு தெரியும். அடுத்த வரி, 'எனக்கு என்ன உரிமை?' பொட்டி சொல்லுது, எல்லா உரிமையும்னு. அந்த டெஸ்ட் கணக்கு. அடுத்தது பட்டியல் எல்லாத்தையும் காட்டச் சொல்றான். ரெண்டு வாரம் பாத்தது வீண் போகலை. இனி இவன் நாலு வரி படிப்பான், காப்பி அடிப்பான், துடைப்பான், எனக்கு ரெண்டு மூணு நிமிஷம்தான் இருக்குன்னு தெரிஞ்சுபோச்சு. கணக்கை முடக்கப் பாக்கறேன், அதுக்குள்ள அவன் என் கணக்கையே முடக்கிட்டான். எழுந்து ஓடினேன். செருப்பு ஒண்ணு மேஜைக்கடியிலேயே கெடக்கு. சர்வர் ரூம் கதவு, வேற என்ன, பூட்டியிருக்கு. ரெண்டு கையாலயும் தட்டறேன். பூட்டு சார் உள்ளதான் இருந்திருக்கார், திறந்தார். நாலு வருஷத்துல அவர்கிட்ட நான் பேசின மொத வார்த்தை, "வயரைப் பிடுங்குங்க."

ஏன்னு கேக்கலை. எந்த வயருன்னும் கேக்கலை. ஃபார்ம் எங்கன்னு கேப்பார்னு நெனைச்சேன், கேக்கலை. திரும்பினார், கொத்தா நாலையும் சேத்து ஒரே இழுப்பு. அந்த மனுஷன் அவ்வளவு வேகமா நகர்ந்து நான் பாத்ததே இல்ல.

அதுக்குள்ள போன் நம்பர் பட்டியல் பாதி அழிஞ்சுபோயிருந்துச்சு. நாங்க ரெண்டு பேரும் மூச்சு வாங்கிட்டு நிக்கறோம், அந்த நேரம் பாத்துப் போன் வருது. பக்கத்து ஆஸ்பத்திரியில பிரசவம், அந்த அம்மாவுக்கு ரத்தம் நிக்கலை, பி நெகட்டிவ் ரெண்டு பை உடனே வேணும். எந்த ஃப்ரிட்ஜ்ல எந்தத் தட்டுல இருக்குன்னு சொல்ற பொட்டி செத்துக் கெடக்கு. லேப் அக்கா அஞ்சு ஃப்ரிட்ஜையும் ஒவ்வொண்ணாத் திறந்து லேபிளைப் படிக்கறாங்க, நான் பேப்பர்ல எழுதறேன், பூட்டு சார் குனிஞ்சு அடித்தட்டுல தேடறார். ஊசியையே பாக்க மாட்டாதவ, அன்னைக்கு அத்தனை ரத்தப் பையையும் கையில எடுத்துப் பாத்தேன். பதினாலு நிமிஷத்துல மூணாவது ஃப்ரிட்ஜ்ல பூட்டு சார் கையில கெடைச்சுது. ரெண்டு இல்ல, மூணு பை. நல்லா இருக்காங்க, தாயும் சரி, பொண்ணும் சரி. ரெண்டே முக்கா கிலோன்னாங்க.

பொட்டியில போனதும் திரும்ப வந்துடுச்சு. அன்னைக்குக் காலையில ஆறு மணிக்குப் பூட்டு சார் ஒரு காப்பி எடுத்துத் தனியா வெச்சிருந்தார், தினம் எடுப்பாராம். அதை ஏத்தி, விட்டுப்போன முப்பத்தேழு பதிவையும் நோட்டைப் பாத்து நானே டைப் பண்ணேன்.

மறுநாள் மீட்டிங். மேனேஜர் கேக்கறார், வெளியாளு எப்படி நேரா சர்வருக்கே வந்தான்னு. எட்டு பேரு உக்காந்திருக்காங்க. நான் எழுந்து... சொல்லக் கூச்சமாத்தான் இருக்கு, ஆனா சொல்லிடறேன். "வெளிக்கதவு திறந்து கெடந்துச்சு சார். இது யாரோட பொறுப்புன்னு எல்லாருக்கும் தெரியும். நான் மெயில்ல கேட்டேன், பதில்கூட வரலை"ன்னு சொல்லிட்டு அவரையே பாக்கறேன். பூட்டு சார் எழுந்தார். "கதவு என் பொறுப்புதான். என் கையாலதான் திறந்தேன்" அப்படின்னார். உக்காந்துட்டார். அவ்வளவுதான். மேனேஜர் அவருக்கு மெமோ குடுத்துட்டார். எனக்கு ஒரே பெருமை. சீட்டுக்கு வந்து ரெண்டாவது டீ வாங்கிக் குடிச்சேன்.

அறிக்கை எழுதணும்னு கதவு எந்தத் தேதியில திறந்துச்சுன்னு தேடினேன். இங்கதாங்க வருது. டீ கப் விஷயத்துக்கு அப்புறம், பூட்டு சார்கிட்ட இருந்து எந்த மெயில் வந்தாலும் கண்ணுல படாம ஒரு மூலைக்குப் போற மாதிரி நானே ஒரு ஏற்பாடு பண்ணி வெச்சிருந்தேன். பண்ணதையே மறந்துட்டேன். அந்த மூலையைத் திறந்தா, இருபத்தாறு மெயில், ஒண்ணைத் தவிர எல்லாத்துலயும் ஒரே வரி. 'நீங்கள் கேட்டுத் திறந்த வழி இன்னும் திறந்திருக்கிறது. இன்னும் வேண்டுமா?' மாசம் தவறாம. கடைசியில ஒண்ணு, நான் கேட்ட அன்னைக்கே, நாலாவது நிமிஷத்துல. 'ஒரு வழி இருக்கிறது. உங்களுடையதுதான். மூடட்டுமா?'

மொத மெயில்ல ஃபார்மோட படம் இருக்கு. என் கையெழுத்துதான், கீழ சுழி போட்டு. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி என் பொண்ணுக்குக் கால்ல எலும்பு முறிஞ்சு கட்டுப் போட்டிருந்தாங்க. அப்ப வீட்ல இருந்தே வேலை பாக்கறேன், பத்து நாளைக்கு ஒரு வழி திறந்து விடுங்கன்னு எழுதிக் குடுத்திருக்கேன். வீட்ல இருந்து வருதான்னு சோதிச்சுப் பாக்க ஒரு கணக்கு உண்டாக்கியிருக்கேன். பேரு டெஸ்ட். பாஸ்வேர்டு டெஸ்ட் ஒண்ணு ரெண்டு மூணு. எல்லா உரிமையும் குடுத்திருக்கேன். கட்டைப் பிரிச்சாங்க, நான் ஆபீஸ் போக ஆரம்பிச்சேன், மறந்தே போச்சு. கதவைத் திறக்கச் சொன்னது நான், சாவியைத் தொங்க விட்டது நான், மூடட்டுமான்னு கேட்ட மனுஷன் வாயை அடைச்சதும் நான்.

அவர் ரூமுக்குப் போனேன். "அந்த ஃபார்மை ஏன் சார் மீட்டிங்ல காட்டலை?"ன்னேன். அவர் வயரைச் சுத்திட்டே சொல்றார், "நீங்க அன்னைக்கு ஒத்தச் செருப்போட ஓடி வரலைன்னா அறுபத்தெட்டாயிரம் பேரும் போயிருப்பாங்க. உங்களை எட்டு பேரு முன்னாடி நிக்க வைக்க மனசு வரலை. அதுவும் போக, இருபத்தாறு தடவை கேட்டு பதில் வரலைன்னா, எழுந்து வந்து கேட்டிருக்கணும். பத்து அடிதான். நானும் வரலை."

நேரா மேனேஜர்கிட்ட போய் எல்லாத்தையும் சொன்னேன். அவர் பூட்டு சாரோட மெமோவைக் கிழிச்சுப் போட்டுட்டு, அதே வாசகத்துல என் பேருக்கு ஒண்ணு அடிச்சுக் குடுத்தார். இதோ, இந்தப் பையிலதான் இருக்கு. இப்ப மாசத்துல மொத நாள் நாங்க ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்து, திறந்திருக்கற வழி எது, ஆளில்லாத கணக்கு எதுன்னு ஒவ்வொண்ணாப் பாத்து மூடறோம். பேசறார்ங்க, நல்லாவே பேசறார். டிஃபன் டப்பாவுக்குப் பூட்டெல்லாம் இல்ல.

சிரிக்காதீங்க, பொலம்பலே இனிமேதான். நாளைக்கு மத்தியானம் அவரையும் அவர் சம்சாரத்தையும் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கேன். எங்க வீட்டுக்காரருக்கு இன்னும் எதுவும் தெரியாது. அவர் மனசுல பூட்டு சார்னா ஒரு மாசமா வில்லன். "அந்த ஆளையா கூப்பிட்ட?"ன்னு கேட்டார். நான் அப்பவாவது சொல்லியிருக்கலாம். "போனாப் போகட்டும்ங்க, தப்பு பண்ணாத மனுஷங்க யாரு"ன்னுட்டேன். அவர் என்னையே பாத்துட்டு, "உன் மனசு யாருக்கும்மா வரும்"னார். நேத்துல இருந்து அதை மூணு பேர்கிட்ட போன்ல சொல்லிட்டார். நாத்தனார்கிட்டயும் சொல்லிட்டார். நாளைக்கு இவர் அந்த மனுஷனை வாசல்ல நிக்க வெச்சு மன்னிச்சுடப் போறார்னு நெனைச்சா எனக்குச் சோறு எறங்கலை.

விசில் அடிச்சுட்டாங்களா? அதுக்குள்ள முக்கா மணி நேரம் ஆயிடுச்சு பாருங்க. உங்களை ஒரு வரி டைப் பண்ண விட்டேனா தெரியலை. அதோ, கையில துண்டை வெச்சுட்டு வராரே, அவர்தான் எங்க வீட்டுக்காரர். எப்படி முகமெல்லாம் சிரிப்பா வரார் பாருங்க. இல்லைங்க, இனி தள்ளிப்போடக் கூடாது. உங்ககிட்ட சொன்னதுல வாய்க்குக் கொஞ்சம் பழகிடுச்சு. வரேங்க.

என்னங்க... அந்தத் துண்டை அவகிட்ட குடுத்துட்டு இப்படிக் கொஞ்சம் தள்ளி வாங்க. ஒண்ணு சொல்லணும். பூட்டு சாரைப் பத்தித்தான். இல்ல, அவர் ஒண்ணும் பண்ணலை.